பயந்துகொண்டே சாகிறவருக்கு இரட்சிப்பு இல்லையா?

கேள்வி: 8 அக்டோபர் 2023, இரவு 11.40

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் தவறாதவர். இப்போது ராத்திரியில் லைட்டை அணைக்க விடுவதில்லை. "என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார். ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர் என்னை வெளியே அழைத்து, "நிஜமா இரட்சிக்கப்பட்டவங்க சிரிச்ச முகத்தோட போவாங்க தம்பி. அம்மா உள்ளத்தை ஆராய்ஞ்சு பார்க்கணும்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. அவர் சொன்னது சரியா?

பதில்: 9 அக்டோபர், காலை 5.10

சரியில்லை தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மீதியை அப்புறம் பேசலாம். அம்மா லைட்டை அணைக்க வேண்டாம் என்றால் அணைக்காதீர்கள். சட்டையைப் பிடித்தால் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

என் அப்பாவும் பயந்தார். 2011 ஆகஸ்டில் பதினோரு நாள் படுக்கையில் இருந்தார், பத்து நாளும் பயம். ஆனால் கடைசி நாளில் பயம் விலகி, முகம் தெளிந்து, குழந்தை தூங்குகிற மாதிரி போனார். உங்கள் அம்மாவுக்கும் கர்த்தர் அந்தச் சமாதானத்தைக் கொடுப்பார்.

9 அக்டோபர், இரவு 9.30

காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதியது. இப்போது கொஞ்சம் நிதானமாக.

அப்பா வேப்பேரியில் ஒரு மிஷன் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவர். இடது கையில் வரி கோக்கும் ஸ்டிக், வலது கையால் கேஸ் என்ற எழுத்துத் தட்டிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார். கேஸைப் பார்க்கவே மாட்டார், விரலுக்கே இடம் தெரியும். கோத்த வரி கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி, தலைகீழாக இருக்கும். அப்படியே வாசித்து வாசித்து அவர் கண் பழகிவிட்டது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் நான் வேதம் வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு சொல்லை விழுங்கினால் உடனே எடுத்துக் கொடுப்பார்.

பாட்டுப் புத்தகம், ஞாயிறு பள்ளிப் பாடம், கல்யாண ஆராதனை முறைமை, அடக்க ஆராதனை முறைமை, எல்லாம் அவர் கையால் கோத்தவை. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வரியை எத்தனை நூறு தடவை கோத்திருப்பாரோ. அப்படிப்பட்ட மனிதர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் படுக்கையில் விழுந்தபோது, கட்டில் கம்பியைப் பிடித்தால் விடமாட்டார். ஒவ்வொரு விரலாகப் பிரித்த பிறகுதான் நர்ஸ் ஊசி போட முடிந்தது. ஒரு ராத்திரி என்னிடம் கேட்டார்: "அங்கே இருட்டா இருக்குமாம்மா?"

கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. ஆனால் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது, அப்பா எழுத்துக் கோக்கிறார். ஆண்டவரிடம் போகும் முன் தன் கடைசி வரியைக் கோத்து முடிக்கிறார். இதைச் சபையில் எத்தனையோ பேரிடம் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன்.

10 அக்டோபர், இரவு 10.05

இந்த இணைய இழையில் எழுதுகிற மடிப்பாக்கம் அண்ணன், வேதத்தில் யோவான் எழுதின முதலாம் நிருபத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்: "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." அதனால் பயம் இருந்தால் அன்பு பூரணம் ஆகவில்லை என்கிறார்.

அண்ணே, ஒரு வசனம் முன்னாலும் ஒரு வசனம் பின்னாலும் வாசியுங்கள். முன்னால் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுகிறார். கடவுள் தண்டிப்பாரோ என்ற பயம் வேறு, மூச்சு முட்டும்போது உடம்பு பயப்படுவது வேறு. பின்னால், "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று வருகிறது. அந்த "முந்தி" என்ற சொல்லை அப்பா விரலால் தொட்டுக் காட்டுவார். பூரண அன்பு என்றால் நம்முடையது என்று நினைத்துக்கொண்டு நம்மையே நிறுத்துப் பார்க்கிறோம்.

இன்னொன்று. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார். மறைக்கவில்லை. சிரித்த முகத்தோடு போகிறவர்தான் நிஜம் என்றால், அந்தத் தோட்டத்தை என்ன செய்வது?

12 அக்டோபர், மாலை 6.20

இழையில் இருக்கும் டாக்டர் தங்கை மிக மரியாதையாக ஒன்று எழுதியிருந்தாள். சாகும் தறுவாயில் போர்வையைக் கிள்ளுவதும் காற்றில் எதையோ பிடிப்பதும் மருத்துவப் புத்தகங்களில் பழைய காலத்திலிருந்தே இருக்கும் அறிகுறியாம். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கழிவு ஏறினால் மூளை குழம்பும். அச்சுக் கோக்கத் தெரியாதவர்களும் அப்படித்தான் கிள்ளுவார்களாம்.

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். கோபம்தான். ராத்திரி யோசித்தபோது, அவள் சொல்வதுதான் உண்மை என்று தெரிந்தது. அடுத்த கட்டிலில் இருந்த பூக்கார அம்மாவும் அதே மாதிரிக் கிள்ளிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு எதையும் சொல்லவில்லை. அப்பா கை என்பதால் அதில் ஒரு வரி தெரிந்தது. ஆகவே 9ஆம் தேதி எழுதியதில் "கடைசி வரியைக் கோத்து முடிக்கிறார்" என்பதை அடித்துவிடுங்கள்.

தங்கை சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம், தம்பி கவனிக்க வேண்டும். கணையப் புற்றுநோயின் வலி முதுகுவரை பாயும். ராத்திரிப் பயத்தில் பாதி வலியாகவும் இருக்கலாம். வலியும் மூச்சுத்திணறலும் கூடினால் மார்ஃபின் தரலாம். முறையாகக் கொடுத்தால் அது உயிரைப் பறிக்கிற மருந்து இல்லை. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியை மட்டுப்படுத்தும் முறையும் உண்டு. தணிப்புச் சிகிச்சை தருகிற டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று நாளைக்கே கேளுங்கள். மருந்து கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் பல்வலிக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

15 அக்டோபர், ஞாயிறு, மதியம் 2.00

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். காலையில் பாவ அறிக்கை சொல்லும்போது இந்த இழைதான் நினைவில் இருந்தது. இன்னொன்றையும் திருத்த வேண்டும்.

அப்பா குழந்தை தூங்குகிற மாதிரிப் போகவில்லை.

விடியற்காலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இரண்டு நாளாகப் பேசாதவர் கண்ணைத் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. "பிடிச்சுக்கோ" என்றார். ஒரே ஒரு தடவை. அப்புறம் மூச்சு இழுத்து இழுத்து வந்தது, நின்றது. கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது. அதில் நான் கண்டது சமாதானம் இல்லை.

முகம் தெளிந்திருந்தது உண்மைதான். ஆனால் அது பெட்டியில் வைத்த பிறகு. தாடையைக் கட்டி, கண்ணை மூடி, குளிப்பாட்டிக் கோட்டுப் போட்டு வைத்தால் எல்லா முகமும் தெளிந்துதான் இருக்கும். மூன்றாம் நாள் வீட்டு ஜெபத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர், "அப்பா எப்படிப் போனாங்க?" என்று கேட்டார். கூடம் நிறைய ஜனம். என் வாயில் தானாக வந்தது: "சமாதானமாப் போனாங்க ஐயா." எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அதோடு அது சாட்சி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, நான் 9ஆம் தேதி உங்களுக்குச் சொன்ன ஆறுதல் அந்தப் பொய்யிலிருந்து எடுத்தது. அந்த ஊழியக்காரர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் வித்தியாசம் இல்லை. அவர் சிரித்தால்தான் இரட்சிப்பு என்றார். நானும் கடைசியிலாவது சிரிப்பார் என்றுதானே சொன்னேன்? மன்னியுங்கள்.

15 அக்டோபர், இரவு 11.15

மதியம் எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

16 அக்டோபர், இரவு 9.50

இத்தனை பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தாம்பரத்திலிருந்து ஒரு அண்ணன், தன் மனைவி கடைசி நிமிஷம்வரை "எனக்குச் சாக வேண்டாம்" என்று கத்தியதை இதுவரை பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லையாம். இங்கேதான் முதல் தடவை எழுதுகிறார். இப்படி எத்தனை வீடுகளில் ஒரு கதவு சாத்திக் கிடக்கிறதோ.

"அப்படியானால் உன் அப்பா இரட்சிக்கப்பட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று ஒருவர் கேட்கிறார். நேரான கேள்வி. நேராகவே சொல்கிறேன்.

பேதுரு தண்ணீரில் நடந்த கதை எல்லாருக்கும் தெரியும். காற்றைப் பார்த்தான், பயந்தான், அமிழ்ந்தான். அப்போது கூப்பிட்டது என்ன? "ஆண்டவரே, என்னை இரட்சியும்." கன்வென்ஷன் என்கிற பெரிய நற்செய்திக் கூட்ட மேடைகளில் நாம் ஆயிரம் தடவை கேட்கிற சொல், பயந்து நடுங்கி மூழ்குகிறவன் வாயிலிருந்து வருகிறது. அடுத்த வரியை அப்பா பாணியில் சொல் சொல்லாகப் பாருங்கள். "உடனே இயேசு கையை நீட்டி அவனைப் பிடித்து: அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய் என்றார்." முதலில் பிடிக்கிறார். அப்புறம்தான் கேள்வி. "ஏன் சந்தேகப்பட்டாய், பதில் சொல், பிறகு கை கொடுக்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால் பேதுரு கடலின் அடியில்.

அப்பா "பிடிச்சுக்கோ" என்று என்னிடம் சொன்னாரா, என்னைத் தாண்டி வேறு யாரிடமாவது சொன்னாரா, தெரியாது. டாக்டர் தங்கை திருத்திய பிறகு அப்பாவின் விரலுக்கு நானாக அர்த்தம் வைப்பதை நிறுத்திவிட்டேன். இந்தச் சொல்லுக்கும் வைக்க மாட்டேன். ஆனால் என் பிடி அன்று போதவில்லை. அவரைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு இயேசு வேண்டும். நான் கிறிஸ்தவளாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

19 அக்டோபர், இரவு 10.30

கன்வென்ஷன் என்றதும் பாதிப் பேர் தங்கள் கதையை எடுத்துவிட்டீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். பதினாலு வயதில், மைதானத்தில் மணல்மேல் உட்கார்ந்திருந்தோம். பேசியவர் கேட்டார்: "இன்றிரவு செத்தால் எங்கே போவாய்?" கையைத் தூக்கினேன். மறுநாளும் தூக்கினேன். மூன்றாம் நாளும். முந்தின நாள் தூக்கியது சரியாகத் தூக்கவில்லையோ என்று சந்தேகம். வீட்டுக்கு வந்து அழுதபோது அப்பா கேட்டார்: "உன் கையைத் தூக்கினதைப் பத்தியே மூணு நாளாப் பேசறியே, ஆணி அடிச்ச கையைப் பத்தி யாரும் பேசலையா அங்கே?"

அந்தப் பேச்சாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்வி நல்ல கேள்வி. நம் ஊரில் சாவைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்கிறவர்கள் யார்? அதற்குப் பதிலாக என் தீர்மானத்தின் பலத்தைக் காட்ட நினைத்ததுதான் தப்பு.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எபேசியர். இதை உலகத்துக்கே உரக்கச் சொன்ன சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தர், 1546 பிப்ரவரியில் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதிவைத்த சீட்டு எப்படி முடிகிறது தெரியுமா? நாம் பிச்சைக்காரர்கள், அது உண்மை. ஜெயித்தவனின் பேச்சாக அது இல்லை. வெறும் கையை நீட்டுகிறவனின் பேச்சு.

அப்பா இன்னொருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். வேப்பேரிக்காரர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி: பப்ரிசியஸ் ஐயர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையிலேயே தங்கிவிட்ட ஜெர்மன் மிஷனரி. 1761இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவர் பொறுப்புக்கு வந்தது. அதில்தான் 1772இல் அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, 1779இல் அகராதி. தமிழில் ஒரு வாக்கியம் சரியாக வர நாட்கணக்கில் காத்திருந்தவர் என்று அப்பா சொல்வார். ஒரு கம்பாசிட்டருக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி வராது.

அந்தப் பெரியவர் கடைசிக் காலத்தில் பணவிஷயத்தில் ஏமாந்து, கடன்பட்டு, சிறையில் இருந்தார். 1791இல் இறந்தார். சாட்சிக் கூட்டத்தில் சொல்லத்தக்க முடிவு இல்லை அது. ஆனாலும் அவர் உழைத்துச் செதுக்கிக் கொடுத்த தமிழில்தான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சாகிறவர்களின் காதில் வேதம் வாசித்தார்கள். பிற்காலத்து மொழிபெயர்ப்புகளிலும் அவர் கை இருக்கிறது. முடிவைப் பார்த்து ஆளை அளந்தால் பப்ரிசியஸ் ஐயரைத் தள்ள வேண்டும். என்னால் முடியாது.

22 அக்டோபர், ஞாயிறு, மாலை 5.00

சாந்தோம் அக்கா கேட்கிறார்: "நீங்கள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்டுக்காரர்கள் இரட்சிப்பின் நிச்சயம் நிச்சயம் என்று தவிக்கிறீர்கள். நாங்கள் தினமும் 'எங்கள் மரண நேரத்திலும்' என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பயம் வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும்."

அக்கா, இது என்னைப் பிடித்து நிறுத்தியது. என் அம்மா கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் தலையணைக்கு அடியில் ஜெபமாலை இருக்கும். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். மாதாவிடம் மன்றாடுவதில் நான் உங்களோடு உடன்படவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தன் மரண நேரத்தை வாயால் சொல்கிறவருக்கு அது அன்னியமாக இராது என்பது உண்மை.

நாற்பது வருஷம் முன்னால் இதை வைத்து இரண்டு வீட்டாரும் சண்டை போட்டார்கள். கிருபையா, கிரியையா? 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொன்னார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். அம்மா 1994இலேயே போய்விட்டார். இருந்திருந்தால் தாத்தா படத்துக்கு முன்னால் அதை வாசித்துக் காட்டியிருப்பார்.

23 அக்டோபர், இரவு 8.40

இழை பாட்டுப் பக்கம் போய்விட்டது! படுக்கையருகே கீர்த்தனையா, ஞானப்பாட்டா என்று இருபது பேர் எழுதிவிட்டீர்கள். என் அனுபவம் ஒன்றுதான். அவர் சின்ன வயதில் பாடியதைப் பாடுங்கள், மெதுவாக, ஒருவர் மட்டும். எங்கள் சபையிலிருந்து பதினைந்து பேர் வந்து கஞ்சிராவோடு பாடினார்கள். அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

2 நவம்பர், இரவு 9.00

கல்லறைத் திருநாள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் சாமந்தி, மெழுகுவத்தி, ஊதுவத்தி, சுண்ணாம்பு வாளி. காலையில் மழை பெய்து மண் சொதசொதவென்று இருந்தது. அங்கே புதிதாக இடம் கிடைப்பது கஷ்டம். அம்மாவின் குழியைத் திறந்துதான் அப்பாவை வைத்தோம்.

கல்லைத் துடைத்தபோது அதில் இருப்பதை ரொம்ப நாளுக்குப் பிறகு வாசித்தேன். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்." பவுலின் வார்த்தை. என் கூடப்பிறந்த அண்ணன் தேர்ந்தெடுத்தது. தோட்டத்தில் பத்துக் கல்லுக்கு ஒரு கல்லில் அது இருக்கும். அப்பா அதைக் கேட்கவில்லை. ரிடையர் ஆன வருஷமே சொல்லிவைத்திருந்தார்: "எனக்குக் கள்ளனோட ஜெபம் போதும். 'அடியேனை நினைத்தருளும்.' அவ்வளவுதான் போடணும்."

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் கேட்டது அது. அண்ணன் அன்று சம்மதிக்கவில்லை. "கள்ளன் வசனத்தை அப்பா கல்லில் போட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?" நானும் விட்டுவிட்டேன். சமாதானமாகப் போனார் என்று சொன்ன பிறகு, போராடி ஜெயித்தார் என்று கல்லில் வெட்டுவதுதானே பொருத்தம்.

இன்று ஈரத் துணியோடு நின்றபோது அந்தக் கள்ளனைத்தான் நினைத்தேன். ஞானஸ்நானம் இல்லை, சபை இல்லை, நற்கிரியை ஒன்றும் இல்லை, செய்யக் கை காலும் இல்லை, எல்லாம் ஆணியில். அவன் முகமும் சிரித்திருக்காது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று வேதத்தில் ஆண்டவர் பேர் சொல்லாமல் வாக்குக் கொடுத்த ஒரே ஆள் அவன். நினைத்துக்கொள்ளும் என்று கேட்டான், கூடவே இருப்பாய் என்று கிடைத்தது.

3 நவம்பர், காலை 6.00

"ஒரே ஆள்" என்று நேற்று எழுதியது அதிகப்படி. உணர்ச்சி வேகம். அதை விட்டுவிட்டு மீதியை வாசியுங்கள்.

5 நவம்பர், ஞாயிறு, இரவு 10.10

நம்பிக்கை இல்லாத நண்பர் ஒருவர் (அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்) கேட்கிறார்: "பயத்துக்கு மருந்தாக மனிதன் உண்டாக்கிய கதை இது. மருந்து வேலையும் செய்யவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பிறகு ஏன்?"

சார், பயத்துக்கு மருந்தாக மட்டும் இருந்திருந்தால் நான் எப்போதோ விட்டிருப்பேன். அப்பா விஷயத்தில் அது பயத்தைப் போக்கவில்லை. என் நம்பிக்கை, ஒரு ஞாயிறு விடியற்காலையில் ஒரு கல்லறை காலியாக இருந்தது என்பதன் மேல் நிற்கிறது. அது நடக்கவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதிவிட்டார். அதை உங்களுக்கு நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது. பார்த்தவர்கள் சொன்னதை நம்புகிறேன். சொன்னதற்காக அவர்களில் சிலர் செத்தார்கள்.

அப்புறம், நம் ஊரின் அப்போஸ்தலர் யார் சார்? தோமா. பரங்கிமலையில் குத்தப்பட்டுச் செத்து, சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது பாரம்பரியம். 1896இல் எழும்பிய இப்போதைய பேராலயம் அந்தக் கல்லறையின் மேல்தான் நிற்கிறது. காயத்தில் விரலை விட்டால்தான் நம்புவேன் என்றவர். அவரை ஆண்டவர் வெளியே அனுப்பவில்லை, விரலை நீட்டு என்றார். உங்களையும் இந்த இழையிலிருந்து யாரும் அனுப்ப மாட்டார்கள். தொடர்ந்து கேளுங்கள்.

17 நவம்பர், காலை 7.25

தம்பி, உங்கள் செய்தி பார்த்தேன். மார்ஃபினுக்குப் பிறகு வலி குறைந்ததும், லைட்டோடுதான் கடைசிவரை இருந்ததும், உங்கள் சட்டையைப் பிடித்த கை அப்படியே இருந்ததும். வேறு எதுவும் எழுத வரவில்லை. மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன்.

17 நவம்பர், இரவு 10.00

போய்விட்டு வந்தேன். வீட்டு வாசலில் யாரோ ஒரு பெரியம்மா, "எப்படிப்பா போனாங்க?" என்று கேட்டார். தம்பி சொன்னார்: "பயந்தாங்க பெரியம்மா. நான் பிடிச்சிட்டு இருந்தேன்." பெரியம்மா ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

8 டிசம்பர், இரவு 9.15

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இன்றுதான் நெட் வந்தது. 4ஆம் தேதி எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று ராத்திரி கரண்ட் இல்லை. முதல் மாடியில் தனியாக, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். "அங்கே இருட்டா இருக்குமாம்மா?" என்று அப்பா கேட்டது என்ன என்று அந்த ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. சங்கீதம் சொன்னேன். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" வரை வந்து தொண்டை அடைத்தது. பயம் போகவில்லை. வசனமும் போகவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நினைவுக்கு வந்தார். குருப்பட்டம் வாங்கிய பிறகும், 1736இல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது புயலில் நடுங்கியவர். கூட வந்த மொரேவிய சபை ஜெர்மன் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்களாம். தனக்கு விசுவாசமே இல்லை என்று நினைத்தார். 1738 மே மாதம் லண்டனில் ஒரு சின்னக் கூட்டத்தில்தான் கிறிஸ்து தன் பாவத்தையும் எடுத்துவிட்டார் என்ற உறுதி அவருக்கு வந்தது. அந்த இரண்டு வருஷமும் அவர் யார் கையில் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்?

மடிப்பாக்கம் அண்ணன் படகில் ஏறி வந்தாராம். பத்திரமாக இருக்கிறார். வந்தவுடன் எனக்குத் தனியாக எழுதினார், வாதம் ஒன்றும் இல்லை, "அரிசி வேணுமா?" என்று.

16 டிசம்பர், இரவு 8.30

என் கூடப்பிறந்த அண்ணனுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டு, அப்பா போன ராத்திரியை முழுதாகச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் கழித்து. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இருக்கிற வசனத்தை எடுக்க வேண்டாம், கீழே இதையும் போட்டுடு" என்றான். சரி.

இன்று கல் வெட்டுகிற இடத்துக்குப் போனேன். பையன் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டினான்: அடியேனை நினைத்தருளும். பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்பா 1978க்கு முன்னால் கோத்துப் பழகியவர். எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது அச்சகத்துக் கேஸிலிருந்து பழைய எழுத்துகளை எடுத்துப்போட்டதைத் துக்க வீடு மாதிரிச் சொல்வார். இந்த இரண்டு சொல்லிலும் "னை" இருக்கிறது. அப்பா எழுதினால் முன்னால் கொம்பு போட மாட்டார், யானைத் தும்பிக்கை மாதிரி தலைக்கு மேல் வளைத்துத்தான் போடுவார்.

"அந்த எழுத்து ஃபாண்ட்ல இல்ல மேடம்" என்றான் பையன். நான் பில் பின்னால் வரைந்து காட்டினேன். எனக்கே வளைவு சரியாக வரவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவனுடைய தாத்தா எழுந்து வந்தார். பேப்பரைப் பார்த்தார், கண்ணாடியைத் தேடவில்லை. கறுப்புக் கல்லின் மேல் குனிந்து, சாக்பீஸால் ஒரே இழுப்பில் போட்டார். தள்ளி இன்னொன்று.